டிசம்பர் 12ஆம் பக்கம்

ஓசூரில் டிசம்பர் 12 வருவதைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இரண்டு நாள் முன்பே ராயக்கோட்டை ரோட்டிலும் பாகலூர் ரோட்டிலும் சவுக்குக் கம்பு நட்டு பிளக்ஸ் கட்டத் தொடங்கிவிடுவார்கள். ரஜினிகாந்த் பிறந்த நாள். மற்ற மாவட்டங்களுக்கு அவர் நடிகர். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஊர்க்காரரும்கூட. வேப்பனப்பள்ளிப் பக்கம் இருக்கும் நாச்சிக்குப்பம் அவருடைய முன்னோர் ஊர். பெற்றோர் நினைவாக அங்கே ஒரு மண்டபமும் இருக்கிறது. பிறந்து வளர்ந்தது பெங்களூர், வீட்டுப் பேச்சு மராத்தி, புகழ் வந்தது தமிழில். எங்கள் எல்லைப் பகுதியில் இது ஒன்றும் அதிசயமில்லை. சிப்காட் கேட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்று விசாரித்தால் பாதிப் பேர் கதை இப்படித்தான் இருக்கும். அதே வாரம் 10ஆம் தேதி, தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டுக்கு அதிகாரிகள் வந்து மாலை போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பிளக்ஸ் கிடையாது.

எனக்கு 12ஆம் தேதி மனத்தில் தங்கியதற்குக் காரணம் வேறு. ஐ.டி.ஐ. முடித்து சிப்காட்டில் ஒரு பட்டறையில் டர்னராகச் சேர்ந்தபோது, அடுத்த வரிசையில் கிரைண்டிங் மிஷினில் ஒருவர் இருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். நாங்கள் எல்லோரும் அவரை டைரி அண்ணா என்று கூப்பிடுவோம். பேரிங் விற்கிற ஒரு டீலர் புது வருஷத்துக்குக் கொடுத்த 1996ஆம் ஆண்டு டைரி ஒன்று அவரிடம் இருந்தது. லீப் வருஷம் என்பதால் பிப்ரவரி 29க்கும் ஒரு பக்கம் உண்டு என்று அதைப் பெருமையாகச் சொல்வார். ஒரு தேதிக்கு ஒரு பக்கம். அந்தத் தேதியில் பிறந்த ஆட்டக்காரர்கள், இறந்தவர்கள், நடந்த சாதனைகள். வேறு எதுவும் அதில் ஏறாது. வீட்டுக் கணக்கு, சீட்டுப் பணம், கடன் எல்லாம் தனி நோட்டு.

எழுதுவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பிறப்பு நீல மையில். இறப்பு சிவப்பில். ஜெயித்தது, பட்டம் வாங்கியது நீலத்தில். ஆனால் அதிக ரன், குறைந்த வயது, வேகமான ஓட்டம் என்று ‘ரெக்கார்டு’ எதுவானாலும் பென்சிலில்தான். ‘ரெக்கார்டுன்னா நாளைக்கே உடையும். மையில எழுதினா பக்கம் கிழியும்’ என்பார். பழைய பேப்பர் கடையில் ஸ்போர்ட்ஸ்டார் இதழ்களை எடைக்கு வாங்கி வைத்திருந்தார். டீக்கடையில் பிரஜாவாணியின் கடைசிப் பக்கத்தைப் படிப்பார். இயர் புக்கில் பார்த்ததையும் ரேடியோவில் கேட்டதையும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டைரியில் ஏற்றுவார். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் பார்த்தால்தான் ஏற்றுவது. மைக்ரோமீட்டரில் ஒருமுறை அளந்துவிட்டு யாரும் பீஸைப் பாஸ் பண்ணமாட்டார்கள் என்பது அவர் வாதம்.

காலை ஒன்பதேகால் டீ நேரத்தில் யாராவது ஒருவர் கேட்போம்: ‘அண்ணா, இன்னிக்கு யாரு?’ அவர் சொல்வார். ஆகஸ்ட் 29 என்றால் தயான் சந்த், 1905, அலகாபாத். சில நாள் எங்களுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத யாரோ ஒரு பல்கேரியப் பளுதூக்குபவர் வருவார். அன்றைக்கு டீ சீக்கிரம் முடிந்துவிடும்.

டிசம்பர் 12ஆம் பக்கத்தில் முதலில் இருந்தது மூன்று வெளிநாட்டுக்காரர்கள். ஹென்றி ஆம்ஸ்ட்ராங், அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர், பிறப்பு 1912. ஒரே நேரத்தில் மூன்று எடைப் பிரிவுகளின் உலகப் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். டிரேசி ஆஸ்டின், 1962. பதினாறு வயதில் 1979இல் அமெரிக்க ஓப்பன் டென்னிஸை ஜெயித்தவர். மூன்றாவது எமர்சன் ஃபிட்டிபால்டி, பிரேசில்காரர், 1946. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1972இலும் 1974இலும் உலக சாம்பியன். முதல் பட்டம் வாங்கும்போது வயது 25. ‘மிக இளைய சாம்பியன்’ என்று அண்ணா பென்சிலில் எழுதியிருந்தார். 33 வருஷம் அந்தச் சாதனை உடையவில்லை. 2005இல் ஸ்பெயினின் அலோன்சோ வந்து அதை உடைத்ததும் ரப்பர் எடுத்துத் துடைத்தார். துடைத்த இடத்தில் காகிதம் சற்று மெலிந்து இன்றும் வெளிச்சம் தெரியும்.

ஃபிட்டிபால்டிக்கு எங்கள் பட்டறையில் ரசிகர்கள் இருந்ததுதான் வேடிக்கை. ஓசூர் வண்டி செய்கிற ஊர். டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் 1980இல் வெளியே போனது. அதே காலத்தில் அசோக் லேலண்டும் இங்கே ஆலை போட்டது. அவற்றுக்குப் பாகம் செய்துகொடுக்கிற சின்னப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இன்ஜின் சத்தம் தாலாட்டு. எங்கள் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் இளவயதில் சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களைப் பார்த்தவர். ஃபிட்டிபால்டி பெயரை ஒவ்வொரு டிசம்பரும் ஒவ்வொரு விதமாக உச்சரிப்பார். யாரும் திருத்தமாட்டோம்.

நாலாவது பெயர் 2000இல் ஏறியது. நைரோபியில் அக்டோபர் 7ஆம் தேதி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு பதினெட்டு வயதுப் பையன் 80 பந்தில் 84 அடித்தான். மெக்ராத், லீ, கில்லெஸ்பி மூன்று பேரையும் அடித்தான். யுவராஜ் சிங், சண்டிகர், பிறப்பு 12.12.1981. மறுநாளே அண்ணா ஏற்றிவிட்டார். எனக்கு அவனைப் பிடித்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நானும் இடதுகைக்காரன். லேத்தில் இடதுகைக்காரனுக்குத் தனிச் சலுகை கிடையாது, சக் கீயைக்கூட வலது கையில்தான் பிடிக்கப் பழக்குவார்கள். மூக்கண்டப்பள்ளி மைதானத்தில் டென்னிஸ் பந்து ஆடும்போது மட்டும்தான் என் கை என் கையாக இருக்கும். யுவராஜ் பேக்வர்டு பாயிண்டில் பாய்ந்து பிடிப்பதையும், கவர் டிரைவுக்கு மட்டையை மேலே தூக்குவதையும் பார்த்தால் ஏதோ எனக்காக ஆடுகிற மாதிரி இருக்கும்.

ரஜினி பெயரை ஏற்றச் சொல்லி வருஷா வருஷம் சண்டை நடக்கும். பிளக்ஸ் கட்டிவிட்டு வருகிற பெயின்ட் ஷாப் பையன்கள் டீ நேரத்தில் சூழ்ந்துகொள்வார்கள்.

‘அவர் என்ன ஆட்டக்காரரா?’ என்பார் அண்ணா.

‘சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறாரே, அது கேட்ச் இல்லையாண்ணா?’

‘அப்போ அதை யாரு அடிச்சது, சொல்லு. எழுதறேன்.’

ஏற்றவேயில்லை. அவர் ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ போகிறவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

2007ஆம் ஆண்டு டிசம்பர் 12 புதன்கிழமை. அண்ணா சி.எல். போட்டார், நான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டி ஏறினோம். எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேலே போகிற பாலம் அப்போது வெறும் தூண்களாக நின்றது. அதன் கீழே வண்டி நகர்வதற்குள் ஒரு டெஸ்ட் மேட்ச் முடிந்துவிடும்போல இருந்தது. சின்னசாமி ஸ்டேடியத்தில் இந்தியா பாகிஸ்தான் மூன்றாவது டெஸ்ட்டின் ஐந்தாவது நாள். கடைசி நாள் என்பதால் டிக்கெட்டுக்கு அடிதடி இல்லை.

அந்த டெஸ்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காயத்தால் சச்சின் ஆடவில்லை. அதனால்தான் யுவராஜுக்கு இடம். முதல் நாளில் இந்தியா 61 ரன்னுக்கு 4 விக்கெட். அங்கிருந்து கங்குலியும் யுவராஜும் சேர்ந்து 300 ரன் சேர்த்தார்கள். யுவராஜ் 169. கங்குலி 239, அவருடைய ஒரே இரட்டைச் சதம். இந்தியா 626 எடுத்தது. பாகிஸ்தான் சளைக்காமல் 537 எடுத்தது. அந்த 537இல் 76 ரன் உதிரி. பந்து தாறுமாறாக எழும்பியும் தாழ்ந்தும் போன ஆடுகளத்தில் நம்ம சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக்தான் கீப்பர். பைஸ் மட்டும் 35. டெஸ்ட் சரித்திரத்திலேயே ஓர் இன்னிங்ஸில் அத்தனை உதிரி போனதில்லை. எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெங்களூர்ப் பையன்கள் அதை வைத்துக் கன்னடத்தில் பண்ணின கிண்டல் எனக்குப் பாதி புரிந்தது. அண்ணாவுக்கு முழுசாகப் புரிந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அன்றைக்கு யுவராஜுக்கு இருபத்தாறு முடிகிறது. பவுண்டரிப் பக்கம் அவர் வந்து நின்றபோது எங்கள் கேலரியில் பத்துப் பதினைந்து பேர் ஹேப்பி பர்த்டே பாடினார்கள். எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் பாதிப் பாட்டில் ‘டியர் ரஜினி’ என்று மாற்றிப் பாடினார். பெங்களூரிலும் அவர்கள் இருக்கிறார்கள் என்று அண்ணா தலையில் அடித்துக்கொண்டார்.

இந்தியா டிக்ளேர் செய்து பாகிஸ்தானுக்கு 374 இலக்கு வைத்தது. எடுக்க நேரம் இல்லை. டிரா என்று எல்லோரும் முடிவு கட்டி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். தேநீர் இடைவேளைக்குப் பிறகுதான் அனில் கும்ப்ளே பந்தை வாங்கினார். அந்தத் தொடரில்தான் முதன்முறையாக டெஸ்ட் கேப்டன். சொந்த ஊர், சொந்த மைதானம். ஆர்.வி. கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர் என்பதால் அண்ணா அவரை ‘நம்ம டிரேடுக்காரர்’ என்று சொல்லுவார். சுழல் போடுகிறவர் அன்று சுழலை விட்டுவிட்டு மிதவேகத்தில் ஓடிவந்து போட ஆரம்பித்தார். முப்பத்தேழு வயதில், காலையிலிருந்து யோசித்து வைத்தவர் மாதிரி. ஒரு பந்து முழங்காலுக்குக் கீழே உருண்டது, அடுத்தது நெஞ்சுக்கு எழும்பியது. விக்கெட் விழ விழ மைதானம் நிரம்பியது. எம்.ஜி. ரோட்டு ஆபீஸ்களிலிருந்து டை கட்டியவர்கள் ஓடி வந்தார்கள் என்றால் நம்புவீர்களா? கேட்டில் அந்நேரத்தில் யாரும் டிக்கெட் கேட்டிருக்க மாட்டார்கள். கும்ப்ளே ஐந்து விக்கெட். பாகிஸ்தான் 162க்கு 7. இன்னும் மூன்று வேண்டும். கப்பன் பார்க் மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. அம்பயர்கள் ஒளிமானியைத் தூக்கிப் பார்த்தார்கள். முடிந்தது.

டிரா. ஆனாலும் தொடர் 1-0 என்று நம்முடையது. 1979-80க்குப் பிறகு சொந்த மண்ணில் பாகிஸ்தானிடம் டெஸ்ட் தொடரை ஜெயித்தது அப்போதுதான். திரும்பும் பஸ்ஸில் அண்ணா குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். இன்னும் அரை மணி வெளிச்சம் இருந்திருந்தால், இன்னும் நாலு ஓவர் முன்னால் டிக்ளேர் பண்ணியிருந்தால். அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடியில் பலகை எழுத்து மாறியதும் ஒலிபெருக்கியில் ரஜினி பாட்டு கேட்டது. இறங்கிப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டோம், பெயின்ட் ஷாப் பையன்கள் போட்டுக் கொடுத்தது.

அப்போது எங்களுக்குத் தெரியாத ஒன்று: அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் ஆடவேயில்லை. 2008 நவம்பர் 26இல் மும்பையில் தாக்குதல் நடந்தது. அதோடு அந்தக் கதவு சாத்திக்கொண்டது. ஒருநாள் ஆட்டமும் டி20யும் உலகக் கோப்பைகளில் நடக்கின்றன, ஐந்து நாள் ஆட்டம் கிடையாது. சில வருஷம் கழித்துத்தான் அண்ணாவுக்கு இது உறைத்தது. ‘கடைசி இந்தியா பாகிஸ்தான் டெஸ்ட் முடிந்த நாள்’ என்று எழுத வேண்டும். எந்த மையில்? சிவப்பு என்றேன் நான். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். ‘ஆடினா அழிச்சுக்கலாம்.’ வரி இன்னும் இருக்கிறது.

2008 டிசம்பர் எங்களுக்கு நல்ல மாதம் இல்லை. உலகமே சரிந்த காலம். வண்டி விற்காததால் பாகம் வாங்குகிறவர்கள் ஆர்டரைப் பாதியாக்கினார்கள். நைட் ஷிஃப்ட் நின்றது. கான்ட்ராக்ட் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்கும் ஊத்தங்கரைக்கும் போனார்கள். மும்பைச் சம்பவத்தால் ஊருக்குத் திரும்பிப்போன இங்கிலாந்து அணி மறுபடி வந்து சேப்பாக்கத்தில் 11ஆம் தேதி டெஸ்ட் தொடங்கியது. வேலை இல்லாததால் ஐந்து நாளும் டி.வி. பார்க்க முடிந்தது. பிறந்த நாளும் அதுவுமாக யுவராஜ் ஜொலிக்கவில்லை. முதல் இன்னிங்ஸில் அவர் எடுத்தது வெறும் 14. ஆனால் 15ஆம் தேதி, 387 ரன்னைத் துரத்தி, சச்சின் 103, யுவராஜ் 85 என்று இருவரும் ஆட்டமிழக்காமல் நின்று ஜெயித்தார்கள். அதை 12ஆம் பக்கத்தில் எழுதச் சொல்லி நான் கெஞ்சினேன். ‘அது 15ஆம் பக்கம்’ என்று சொல்லிவிட்டார். நட்புக்காகத் தேதியை நகர்த்துகிறவர் இல்லை.

2011 மார்ச் 6, பெங்களூரில் அயர்லாந்துக்கு எதிராக யுவராஜ் 5 விக்கெட்டும் எடுத்து 50 ரன்னும் எடுத்தார். உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் இரண்டையும் செய்த முதல் ஆள். மார்ச் 20, சேப்பாக்கம், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 113, களத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு. வெயில் என்று நினைத்தோம். மொத்தம் 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன். அடுத்த வருஷம்தான் தெரிந்தது, இரண்டு நுரையீரலுக்கும் நடுவே கட்டி, அமெரிக்காவில் கீமோ.

அதே மாதங்களில் அண்ணியை கிட்வாய் ஆஸ்பத்திரிக்கு அண்ணா அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் யாருக்குப் புற்றுநோய் என்றாலும் ஓசூர் வழியாகப் போகிற இடம் அது. கிரிக்கெட் பக்கமே திரும்பாத அண்ணி, மொட்டைத் தலையோடு யுவராஜ் சிரிக்கிற படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு, ‘இவனுக்கு எத்தனை சைக்கிள் முடிஞ்சுது?’ என்று கேட்பார். நான் வீட்டுக்குப் போனால் ஸ்கோர் கேட்கிற மாதிரி என்னிடமும் கேட்பார். செப்டம்பர் 11ஆம் தேதி சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக யுவராஜ் திரும்பி வந்து ஆடியதை அவர்கள் வீட்டில்தான் பார்த்தேன். 34 ரன் அடித்தார். இந்தியா ஒரே ஒரு ரன்னில் தோற்றது. தோற்றதை அந்த வீட்டில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அண்ணிக்கும் முடி வளரத் தொடங்கியிருந்தது.

இத்தனை ஊர்க் கதையை எழுதுகிறவர், எங்கள் ஊர் விளையாட்டை ஏன் எழுதவில்லை? இதை நான் அவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரிய விளையாட்டு எருது விடும் விழா. பொங்கலுக்குத் தொடங்கினால் மாசி தாண்டியும் ஊர் ஊராக நடக்கும். எந்த ஊர் எருது எத்தனை விநாடியில் ஓடியது என்று கிழவர்கள் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். திருவிழாவில் டியூப்லைட் கட்டி விடிய விடியக் கபடி நடக்கும். அண்ணா சொன்ன பதில் எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது: அதெல்லாம் பிறையையும் மாசத்தையும் பார்த்து வருவது. சந்திரசூடேஸ்வரர் தேர் பௌர்ணமி பார்த்து, அதற்கு இங்கிலீஷ் தேதியில் நிரந்தர இடம் கிடையாது. ஒரு வருஷம் ஒரு தேதி, அடுத்த வருஷம் வேறு தேதி. டீலர் கொடுத்த டைரியில் அதை எங்கே உட்கார வைப்பது? எருது விடும் விழாவுக்கு ஒரே ஒரு தேதிதான் அவர் டைரியில் ஏறியது: 2023 பிப்ரவரி 2. ஓசூர் அருகே கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதற்காக நெடுஞ்சாலையை மறித்து, கல்வீச்சு நடந்து, பஸ் கண்ணாடி உடைந்த நாள். விளையாட்டு நடந்த தேதிகள் காணாமல் போய், தகராறு நடந்த தேதி மட்டும் நின்றுவிட்டது. அதைப் பென்சிலில் எழுதியிருந்தார்.

2016ஐயும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 12 அன்று காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்தன. அதன்பின் நாள்கணக்கில் எல்லை தாண்டிப் பஸ் போகவில்லை. ஜூஜூவாடியில் இறங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்திப்பள்ளி வரை ஜனங்கள் நடந்தார்கள். தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த அண்ணா அந்த வாரம் கம்பெனி வாசலில் கன்னடம் பேசவில்லை. யாரும் சொல்லவில்லை, அவராகவே. சரியாக மூன்று மாதம் கழித்து டிசம்பர் 12. ஜெயலலிதா இறந்து ஒரு வாரம்கூட முழுசாக முடியாத துக்கம், பிறந்த நாள் கொண்டாட வேண்டாம் என்று ரஜினியே சொல்லிவிட்டார். பணமதிப்பிழப்பில் கான்ட்ராக்ட் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க நோட்டு இல்லை. அன்றைக்கே வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. அன்றைக்கே மும்பையில் அஸ்வின் இரண்டாவது இன்னிங்ஸிலும் ஆறு விக்கெட் எடுத்து, ஆட்டத்தில் பன்னிரண்டு என்று இங்கிலாந்தை இன்னிங்ஸ் தோல்விக்குத் தள்ளினார். சென்னைக்காரர் ஜெயித்த நாளில் சென்னையில் கரண்ட் இல்லை. பன்னிரண்டாம் தேதி, பன்னிரண்டாம் மாதம், பன்னிரண்டு விக்கெட் என்று அண்ணா மூன்று தடவை கோடு போட்டார். இந்த மாதிரி தற்செயல் பொருத்தங்களில் அவருக்கு இருக்கும் சந்தோஷம் எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. ஆனால் அந்த வாரம் அவர் முகத்தில் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அடுத்த டெஸ்ட் சேப்பாக்கத்தில். புயலில் நனைந்த ஆடுகளத்தைக் கரி அனல் வைத்துக் காயவைத்தார்கள். டிசம்பர் 19 அன்று கருண் நாயர் 303 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். கர்நாடக அணிக்காரர், பிறந்தது ராஜஸ்தான் ஜோத்பூரில், பெற்றோர் மலையாளிகள், முச்சதம் அடித்தது சென்னையில். சிப்காட் டீக்கடை டி.வி. முன்னால் நின்ற கூட்டம் ஒன்றாகக் கத்தியது. அண்ணா கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கத்தினார். பக்கத்தில் நின்றவர் அதே கன்னடத்தில் பதில் சொன்னார்.

2024 டிசம்பர் 12 வியாழக்கிழமை. அண்ணா அதற்குள் ரிடையர் ஆகியிருந்தார். மாநிலம் முழுக்க மழை. பத்து நாள் முன்னால்தான் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, பஸ்களையும் வேன்களையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து அவர் வீட்டுக்குப் போனேன். பேத்தி செல்போனில் செஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமல்லபுரத்தில் 2022இல் ஒலிம்பியாட் நடந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் செஸ் போர்டு வந்துவிட்டது. சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம். டிங் லிரென் வெள்ளை, குகேஷ் கறுப்பு. ஆளுக்கு ஆறரைப் புள்ளி.

எனக்குக் காய் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். பேத்திதான் சொல்லிக்கொண்டே வந்தாள். டிரா ஆகும், நாளைக்கு டைபிரேக்கர் என்றாள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட, ஆனாலும் அதை வைத்து ஜெயிக்க முடியாது என்றாள். 55ஆவது நகர்த்தலில் டிங் கோட்டையை நகர்த்தியதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். கோட்டைக்குக் கோட்டை மாறும், மூலையில் நிற்கிற பிஷப்பும் தப்பிக்க முடியாமல் மாறும், அப்புறம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும்தான், குகேஷ் ஜெயிப்பான் என்று ஒரே மூச்சில் சொன்னாள். திரையில் அந்தப் பையன் தண்ணீர் குடித்தான், எதிரே பார்த்தான், மறுபடி போர்டைப் பார்த்தான். மூன்று நகர்த்தல் கழித்து டிங் கை கொடுத்தார். குகேஷ் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் அடுக்கினான். பதினெட்டு வயதில் உலக சாம்பியன். 1985இல் காஸ்பரோவ் 22 வயதில் வாங்கியதுதான் அதுவரை குறைந்தது. வெளியே அவன் அப்பா குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்ததைக் காட்டினார்கள். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகக் காது மூக்கு தொண்டை டாக்டர் வேலையை ஓரம் வைத்தவர்.

அண்ணா டைரியை எடுத்தார். முந்தின பக்கம், 11ஆம் தேதி, விஸ்வநாதன் ஆனந்த், 1969, நீல மை. 2013இல் சென்னையில் ஆனந்த் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்த ஆட்டத்தைப் பார்வையாளர் பகுதியிலிருந்து பார்த்த ஏழு வயதுப் பையன்தான் இந்தக் குகேஷ் என்று பேத்தி சொன்னாள். அண்ணா பக்கத்தைப் புரட்டினார். பட்டம் நீலத்தில், வயது பென்சிலில். ‘வீட்டுல தெலுங்கு பேசற பையன்’ என்று அண்ணி சமையலறையிலிருந்து தெலுங்கிலேயே சொன்னார்.

‘அப்பா பேர் போடுங்க தாத்தா. ரஜினிகாந்த்.’

அண்ணா பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார். செல்போனில் எழுத்தைக் காட்டினாள். இன்னொரு இடத்திலும் காட்டு என்றார். காட்டினாள். விதிப்படி இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று. எழுதினார். நான் உடனே பெயின்ட் ஷாப் பையன்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இருபது வருஷப் பகை என்பதால் அவர்கள் அங்கே விசில் அடித்தது ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. ‘டாக்டர்னு சேர்த்து எழுதியிருக்கேன்னு சொல்லு’ என்றார் அண்ணா. பக்கம் நிரம்பிவிட்டது. அதற்கு மேல் எழுத பழைய ஜாப் கார்டு ஒன்றை வெட்டி ஓரத்தில் பசை போட்டு ஒட்டினார்.

ஆறு நாள் கழித்து, 18ஆம் தேதி மதியம், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணா போன் செய்தார். பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு அஸ்வின் ஓய்வை அறிவித்துவிட்டாராம்.

‘106 டெஸ்ட், 537 விக்கெட்’ என்றார். பிறகு பேச்சில்லை. டைரி புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ‘இந்த நம்பரை எங்கியோ எழுதியிருக்கேன்டா.’

எனக்கு நினைவு வரவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

‘கிடைச்சுது. சின்னசாமி. பாகிஸ்தான் ஃபர்ஸ்ட் இன்னிங்ஸ் 537.’

‘அதுக்கும் இதுக்கும் என்னண்ணா சம்பந்தம்?’

‘ஒரு சம்பந்தமும் இல்லை’ என்றார் சந்தோஷமாக. ‘ஆனா அதுல 76 எக்ஸ்ட்ரா. பென்சில்ல எழுதினது, இன்னும் எவனும் அழிக்கல.’